சைக்கிளுக்குத் தெருவைத் தயார் செய்வது எப்படி? பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

தெருவைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குப் பாதுகாப்பாக்கும் வேலையில் முதல்முறை இறங்குபவர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குள் ஒரு சைக்கிள் படம். கோடு காய்ந்த மறுநாளே அதன்மேல் ஒரு கார் நிற்கும். சந்திப்புக்கு முப்பது மீட்டர் முன்னால் கோடு காணாமல் போகும். நானும் என் முதல் தெருவை இப்படித்தான் கெடுத்தேன்.

கோடு போடுவது தவறில்லை, முதலில் போடுவதுதான் தவறு. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் பாதிச் சிக்கல்கள் காகிதத்திலேயே தீர்ந்துவிடும். வண்டிகள் இடப்பக்கம் செல்லும் நாடுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வலப்பக்கம் செல்லும் இடத்தில் இருப்பவர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

30 மீட்டர் டேப், சாக்பீஸ், ஸ்டாப்வாட்ச், நோட்டு, ஒரு சைக்கிள், கூட ஒரு ஆள். கருவி என்று பார்த்தால் இவ்வளவுதான்.

இவற்றைவிட முக்கியம் மூன்று தகவல்கள். சாலை யாருடைய பொறுப்பில் இருக்கிறது? அடுத்து எப்போது தார் போடப் போகிறார்கள்? குழாய், கேபிள் பதிக்க யாராவது தோண்டப் போகிறார்களா? இவற்றைக் கேட்காமல் வேலை செய்தால் மூன்று மாதத்தில் உங்கள் கோட்டின் நடுவே பள்ளம் விழும். மாறாக, புதிய தார் போடும் தேதி கிடைத்துவிட்டால் அது யோகம்தான். பழைய கோடுகளைச் சுரண்டும் செலவே மிச்சம்.

சாலையின் அகலத்தைக் குறைந்தது மூன்று இடங்களில் அளக்க வேண்டும். புதியவர்கள் தெருவின் நல்ல பகுதியில் டேப்பைப் பிடித்துவிட்டு, அந்த எண்ணை முழுத் தெருவுக்கும் வைத்துக்கொள்வார்கள். உங்கள் திட்டத்தை முடிவு செய்யப் போவது மிகக் குறுகலான இடம்தான். அதை முதலில் அளந்துவிடுங்கள்.

2. ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அளந்து பாருங்கள்

அதே தெருவில் மூன்று தடவை சைக்கிள் ஓட்டுங்கள்: காலைப் பள்ளி நேரம், மாலை நெரிசல் நேரம், மழை பெய்து ஓய்ந்த இரவு. எங்கெல்லாம் பிரேக் பிடித்தீர்கள், எங்கே திரும்பிப் பார்த்தீர்கள், எங்கே காலை ஊன்றினீர்கள் என்று வரைபடத்தில் குறியுங்கள்.

பிறகு, சைக்கிள் ஓட்டத் தெரிந்தும் அந்தத் தெருவில் ஓட்டப் பயப்படும் ஒருவரை அழைத்து வாருங்கள். அவர் எந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறாரோ, உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது. தினமும் ஓட்டிப் பழகியவர்களை மட்டும் கேட்டால் "பரவாயில்லையே, ஓட்டலாமே" என்பார்கள். அவர்களுக்கு அந்தப் பயம் பழகிப்போய்விட்டது.

அடுத்தது வேகம். சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். ஒரு வண்டி அதை 6 நொடியில் கடந்தால் மணிக்கு 30 கி.மீ. 4.5 நொடி என்றால் 40. 3.6 நொடி என்றால் 50. முன்னால் தடையில்லாமல் வரும் 100 வண்டிகளை அளந்து, வேகம் ஏறும் வரிசையில் எழுதினால் 85ஆவது இடத்தில் வரும் எண்தான் வடிவமைப்புக்கு உதவும் வேகம். சராசரி எண் ஆபத்தை மறைத்துவிடும்.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, நெரிசல் நேரத்தில் அளப்பது; ஊர்ந்து போகும் வண்டிகளை அளந்துவிட்டு "இங்கே வேகமே இல்லை" என்று முடிவு கட்டுவார்கள். இன்னொன்று, நடுரோட்டில் தெரியும்படி நின்று அளப்பது. யாரோ கையில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எந்த ஓட்டுநரும் வேகத்தைக் குறைப்பார்.

3. முதலில் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்

வண்டிகள் குறைவாக, 30 கி.மீ. வேகத்துக்குள் போகும் தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை தேவையில்லை. கலந்தே போகலாம். 50 கி.மீ. வேகத்தில் வண்டிகள் தொடர்ந்து போனால் கலக்கக் கூடாது. தனி இடமும், இடையில் ஏதாவது தடுப்பும் வேண்டும்.

காரணம் எளிய இயற்பியல். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும். 30இலிருந்து 50க்குப் போனால் அது ஏறக்குறைய 2.8 மடங்கு. போதாததற்கு, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 30இல் வண்டி 8 மீட்டர் ஓடியிருக்கும். 50இல் 14 மீட்டர்.

வேகப் பலகை மட்டும் வைத்தால் வேகம் குறையாது. சாலை எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அவ்வளவு வேகமாகத்தான் ஓட்டுவார்கள். லேனைச் சுருக்குவது, தெருமுனையின் வளைவை இறுக்குவது, பாதசாரிக் கடவையை மேடாக்குவது ஆகியவைதான் வேலை செய்யும். வேகத்தடை போடுவதாக இருந்தால் ஏற்றமும் இறக்கமும் அலைபோல வழுவழுப்பாக இருக்கட்டும். திடீரென்று எழும் தடை காரைவிடச் சைக்கிளைத்தான் தூக்கிப்போடும்.

4. இடத்தைக் கணக்குப் போட்டு எடுங்கள்

சைக்கிளின் கைப்பிடி அகலம் முக்கால் மீட்டருக்குள். ஓடும்போது இருபுறமும் கொஞ்சம் அசையும், ஆகவே ஒருவருக்கு 1 மீட்டர். ஓரக்கல்லிலிருந்து கொஞ்சம் விலகி ஓட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தால் 1.5 மீட்டர்தான் ஒரு பாதையின் கீழ் எல்லை. ஒருவரை ஒருவர் முந்த 2 மீட்டர் வேண்டும். சரக்குச் சைக்கிள்கள் வந்துபோகும் தெருவாக இருந்தால் 2 மீட்டருக்குக் குறைய இறங்காதீர்கள். ஓரத்தில் இருக்கும் நீர் ஓடும் சரிவை அகலத்தில் சேர்க்கவே கூடாது. அதில் யாரும் ஓட்டுவதில்லை.

ஒரு கணக்கு பார்ப்போம். 14 மீட்டர் சாலை, 3.5 மீட்டரில் நான்கு லேன். ஒவ்வொன்றையும் 3 மீட்டராகச் சுருக்கினால் 2 மீட்டர் மிஞ்சும், அதாவது ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டர். "அடடா, சைக்கிள் பாதை கிடைத்துவிட்டது" என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மீட்டரில் கிடைப்பது பாதை அல்ல, கண்ணி. அதற்குப் பதிலாகப் போக ஒன்று, வர ஒன்று, நடுவில் வலப்புறம் திரும்ப ஒன்று என மூன்று லேன் வையுங்கள். பஸ் போகும் சாலை என்பதால் 3.2 மீட்டர் கொடுத்தாலும் 9.6தான் ஆகும். மீதி 4.4. பக்கத்துக்கு 2.2 மீட்டர்: சைக்கிளுக்கு 1.6, இடைவெளிக்கு 0.6. நான்கு லேனை மூன்றாக்கினால் நெரிசல் கூடிவிடும் என்று கட்டாயம் எதிர்ப்பு வரும். ஒருமணி நேர வண்டிக் கணக்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வலப்புறம் திரும்பக் காத்து நிற்கும் வண்டி அந்தப் பழைய நான்கில் ஒரு லேனை எத்தனை நிமிடம் அடைத்து வைத்திருந்தது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

நிறுத்தி வைத்த கார்களின் பக்கவாட்டில் பாதை போட்டால், திறக்கும் கதவுக்கு ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும். முடிந்தால் வரிசையையே மாற்றிவிடுங்கள்: நடைபாதை, சைக்கிள் பாதை, இடைவெளி, நிற்கும் கார்கள், அப்புறம் ஓடும் வண்டிகள். நிற்கும் காரே அப்போது தடுப்பாகிவிடும்.

சாய்வான சாலையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் இடம் இருந்தால், ஏறும் பக்கத்துக்குக் கொடுங்கள். ஏறும்போது வேகம் குறைந்து சைக்கிள் தள்ளாடும். கார்களோடு வேக வித்தியாசமும் அங்கேதான் அதிகம். இதை வரைபடத்தில் பார்த்தால் தெரியாது, மிதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

5. கோட்டுக்கும் தடுப்புக்கும் உள்ள வித்தியாசம்

மெல்போர்னில் சைக்கிள்களில் கருவி பொருத்தி, கடந்து செல்லும் வண்டிகள் எவ்வளவு விலகிப் போகின்றன என்று அளந்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது: வெறும் கோடு போட்ட பாதை இருந்த இடங்களில் வண்டிகள் இன்னும் நெருங்கிப் போயின. ஓட்டுநர் "என் லேன் எனக்கு, உன் லேன் உனக்கு" என்று நினைத்துக் கோட்டை ஒட்டியே ஓட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே கோடு மட்டும் போதும் என்று வேகமான சாலையில் விட்டுவிடாதீர்கள்.

வளையும் ரப்பர் கம்பம், கான்கிரீட் ஓரக்கல், தொட்டிகள், நிற்கும் கார்கள் என்று தடுப்பில் பல வகை. எது கிடைக்கிறதோ அதைப் பயன்படுத்தலாம், ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

உயரமில்லாத கல்லை மட்டும் வரிசையாகப் பதித்தால் இரவில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அதில் தட்டி விழும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் பளிச்சென்று தெரியும் உயரமான கம்பம் ஒன்று கட்டாயம். மழைநீர் ஓட இடைவெளி விடுங்கள். துப்புரவு வண்டியின் அகலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி உள்ளே நுழைய முடியாவிட்டால் ஒரு மாதத்தில் கண்ணாடிச் சில்லும் இலையும் சேர்ந்து, எல்லாரும் மறுபடி சாலைக்கே வந்துவிடுவார்கள்.

கார் நுழையாதிருக்கப் பாதையின் வாயில் நடுவே கம்பம் நடுவது பழைய பழக்கம். கூட்டமாகப் போகும்போது பின்னால் வருபவருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். கார்தான் பிரச்சினை என்றால் வாயை 1.5 மீட்டராகக் குறுக்கினாலே போதும்.

6. சந்திப்புதான் உண்மையான வேலை

நேரான பகுதியை அழகாகச் செய்துவிட்டு, சந்திப்பு வந்ததும் பாதையை முடித்துவிடுவதுதான் நான் பார்த்த திட்டங்களில் மிக அதிகமான குறை. ஆபத்து கூடும் இடத்தில் பாதுகாப்பைக் கைவிடுவது. உங்கள் வரைபடத்தில் முதலில் சந்திப்பை வரைந்து முடியுங்கள். அப்புறம் சந்திப்புகளை இணைக்கும் நேர் பகுதி தானாக அமையும்.

இங்கே பெரும்பாலும் நடக்கும் மோதல் எது? சைக்கிள் நேராகப் போகிறது. அதன் வலப்பக்கம் வரும் வண்டி இடப்புறம் திரும்புகிறது. லாரியாக இருந்தால் ஓட்டுநருக்குத் தன் இடப்பக்கம் இருக்கும் சைக்கிள் தெரியாமலே போகலாம். கண்ணாடியைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கடமையை அவர் தலையில் போடாமல், அவர் கண்முன்னே சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வடிவமைப்பின் வேலை.

அதற்கான வழிகளை, பயன் கூடிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முனையை இறுக்குங்கள். அகலமான வளைவில் கார் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும். வளைவு இறுகினால் மெதுவாகத்தான் திரும்ப முடியும். "தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்?" என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. முனையில் சற்றே உயர்த்திய சொரசொரப்பான கல் பரப்பு ஒன்று வைத்தால் பெரிய வண்டி அதன்மேல் ஏறித் திரும்பும், கார் அதைத் தவிர்த்துவிடும்.

சைக்கிள் கடக்கும் இடத்தைச் சந்திப்பிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது 5 மீட்டர் அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். முனைக்கும் அந்தக் கடவைக்கும் நடுவே ஒரு சிறு திட்டு வரும். திரும்பும் கார் அதைச் சுற்றி வரும்போது கடவைக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். ஓட்டுநர் சைக்கிளைப் பக்கக் கண்ணாடியில் தேட வேண்டாம், முன் கண்ணாடி வழியாக நேராகப் பார்ப்பார். பின்னால் வரும் வண்டிகளை மறிக்காமல் நின்று வழிவிடவும் அவருக்கு அங்கே இடம் இருக்கும். நெதர்லாந்தின் சந்திப்புகளில் திரும்பத் திரும்பக் காணும் அமைப்பு இது.

இடமே இல்லை என்றால், கார்களின் ஸ்டாப் லைனைப் பின்னுக்குத் தள்ளி, அதற்கு முன்னால் 4 முதல் 5 மீட்டர் ஆழத்தில் சைக்கிள் நிற்கும் கட்டம் ஒன்று வரையலாம். அதன் எல்லையையும் தெரிந்து வையுங்கள்: சிவப்பு விளக்கு எரியும்போதுதான் அது உதவும். பச்சை எரியும்போது வந்து சேரும் சைக்கிளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

சிக்னலைத் தொட அனுமதி இருந்தால், சைக்கிளுக்கு மூன்று நான்கு நொடி முன்னதாகப் பச்சை கொடுங்கள். கார்கள் நகரும் முன் அவர்கள் நடுச் சந்திப்பில் தெரிவார்கள். கூடவே கடக்கும் நேரத்தையும் சரிபாருங்கள். சாதாரணமாக ஓட்டுபவர் நொடிக்கு 4 மீட்டர் போவார். 24 மீட்டர் சந்திப்பைக் கடக்க 6 நொடி, நின்ற இடத்திலிருந்து கிளம்ப இன்னும் 2 நொடி. கார்களுக்குக் கணக்குப் போட்ட மஞ்சள் நேரம் இதற்குப் போதாது. பச்சையின் கடைசி நொடியில் கிளம்பியவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

முனையை ஒட்டி 5, 6 மீட்டருக்குள் வண்டி நிறுத்த விடாதீர்கள். கோடு மட்டும் போட்டுத் தடுத்தால் அதன்மேலேயே வண்டியை நிறுத்துவார்கள். அங்கே சைக்கிள் நிறுத்தும் கம்பிகளை நட்டுவிடுங்கள். பார்வையும் மறையாது, இடமும் வீணாகாது.

சிறு கிளைத் தெருக்கள் சேரும் இடத்தில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் அதே உயரத்தில் தொடரட்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். யார் யாருடைய இடத்தைக் கடக்கிறார்கள் என்பது பலகை இல்லாமலே புரியும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இடம் மிச்சம் என்று சாலையின் ஒரே பக்கத்தில் இருவழிச் சைக்கிள் பாதை போடத் தோன்றும். கிளைத் தெருவிலிருந்து வரும் ஓட்டுநர் வண்டிகள் வரும் திசையைத்தான் பார்ப்பார். எதிர்த்திசையில் வரும் சைக்கிள் அவர் கணக்கிலேயே இருக்காது. கிளைத் தெருக்களே இல்லாத ஆற்றங்கரை, பூங்கா ஓரம் போன்ற இடங்களுக்கு அது பொருந்தும். கடைத்தெருவுக்குப் பொருந்தாது.

7. பஸ் நிறுத்தம்

பாதையை நிறுத்தத்தின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். பஸ்ஸும் சைக்கிளும் ஒன்றையொன்று வெட்டும் தொல்லை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பயணிகள் பாதையைக் கடந்துதான் நிறுத்தத்துக்கு வர வேண்டும் என்பதால், அந்த இடத்தில் பாதையைச் சற்றுக் குறுக்கி, நடைபாதை உயரத்துக்கு ஏற்றி, கடவைக் கோடு போடுங்கள். பார்வையற்றவர்களுக்கான தொடு தரையை மறந்துவிட்டு, அப்புறம் உடைத்துப் பதித்த அனுபவம் எனக்கு உண்டு. அவர்களை வரைபட நிலையிலேயே கூப்பிட்டுக் கேளுங்கள்.

8. தரையைச் சரி செய்யுங்கள்

கோட்டுக்கு முன் தரை. கார் கவனிக்காமல் கடக்கும் குழி சைக்கிளைக் கவிழ்க்கும். குழியைத் தவிர்க்க விலகுபவர் நேரே லாரி முன்னால் போவார்.

வடிகால் மூடியின் கம்பிகள் பயணத் திசையிலேயே நீளமாக இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். அவை குறுக்காக இருக்கும்படி மூடியைத் திருப்பிப் போடுங்கள், அல்லது மாற்றுங்கள். மேன்ஹோல் மூடி சாலை மட்டத்துக்குச் சமமாக வர வேண்டும். ரயில் அல்லது டிராம் தண்டவாளம் குறுக்கிட்டால் செங்குத்தாகக் கடக்கும்படி பாதையை வளைத்து விடுங்கள். 60 பாகைக்குக் கீழே சாய்ந்தால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும்.

9. சரி, இப்போது பெயின்ட்

முதல்நாள் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, கூம்புகள் வைத்து ஒத்திகை பாருங்கள். பஸ் ஒன்றையும் குப்பை லாரி ஒன்றையும் வரவழைத்துத் திருப்பச் சொல்லுங்கள். காகிதத்தில் திரும்பிய லாரி தெருவில் திரும்பாமல் போவது சகஜம்.

பழைய கோடுகளை எடுக்காமல் புதியதைப் போடாதீர்கள். கறுப்பு பெயின்ட் அடித்து மறைப்பதும் உதவாது. மழையிலும் தாழ்ந்த வெயிலிலும் அந்தக் கறுப்பே பளபளத்து இன்னொரு கோடாகத் தெரியும். ஓட்டுநர் எதைப் பின்பற்றுவது என்று குழம்புவார்.

தெர்மோபிளாஸ்டிக், அதாவது உருக்கிச் சூடாகப் போடும் கோட்டுப் பூச்சு, நீடித்து உழைக்கும். ஆனால் தடிமனாக விட்டால் அதன் விளிம்பே ஒரு சிறு படியாகிவிடும். ஈரத்தில் சாய்வாக ஏறும் சக்கரம் வழுக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் போக விடாதீர்கள். வழுக்காமலிருக்கச் சொரசொரப்புத் துகளையும், இரவில் ஒளிர கண்ணாடி மணியையும் சூடு ஆறும் முன் தூவச் சொல்லுங்கள். மணி மட்டும் தூவிவிட்டு முடித்துவிடுவது வழக்கம், நீங்கள் நின்று பார்க்க வேண்டும். தரை ஈரமாக இருந்தால் அன்று வேலை வேண்டாம், உரிந்து வரும்.

சைக்கிள் படத்தை ஒவ்வொரு சந்திப்பையும் தாண்டிய உடனே போடுங்கள். புதிதாக உள்ளே நுழைபவருக்கு அங்கேதான் அது தேவை. கார்களின் சக்கரத் தடத்தில் விழாதபடி பார்த்தால் இரண்டு மடங்கு காலம் நிற்கும்.

நிறத்தை முழு நீளத்துக்கும் பூசுவதைவிட மோதல் நடக்கக்கூடிய இடங்களுக்கு ஒதுக்குங்கள். கோபன்ஹேகனில் சந்திப்பில் ஒரு கடவைக்கு நீலம் பூசியபோது விபத்து குறைந்தது, ஒரே சந்திப்பில் பல கடவைகளுக்குப் பூசியபோது கூடியது என்று ஆய்வில் தெரியவந்தது. கண் ஒரே நேரத்தில் எல்லாத் திசையிலும் இழுக்கப்பட்டால் எதையும் பார்ப்பதில்லை.

தனிப் பாதையே இல்லாமல் கார் லேனின் நடுவில் அம்புக்குறியோடு சைக்கிள் படம் போடுவதும் உண்டு. மெதுவான தெருவில் வழிகாட்ட அது சரி. வேகமான சாலையில் அது பாதுகாப்பு அல்ல, சமாதானம்.

10. திறந்த பிறகு

முதல் இரண்டு வாரம் தினமும் அரைமணி நேரம் அங்கே நில்லுங்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் நீங்கள் போட்ட வழியை விட்டு வேறு வழியில் போனால், அவர்களைத் திட்டுவதற்கு முன் அந்த வழியில் நீங்களும் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் வளைவு இறுக்கமாக இருக்கும், அல்லது சிக்னல் அவர்களை நீண்ட நேரம் நிறுத்தி வைத்திருக்கும்.

மழை இரவு ஒன்றில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பகலில் பளிச்சென்ற கோடு நீரில் மறைந்தால் அந்த இடத்துக்குக் கம்பமோ ஒளிரும் பதிப்புக் கல்லோ தேவை.

கம்பங்கள் உடையும், கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள். எது எப்போது உடைந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அங்கொன்று இங்கொன்று என்றால் மாற்றிவிட்டுப் போகலாம். ஒரே கம்பம் மூன்றாவது தடவை உடைந்தால் நான்காவதை நட வேண்டாம். ஏதோ ஒரு பெரிய வண்டி அந்த வழியாகத்தான் திரும்புகிறது. டேப்பை எடுத்துக்கொண்டு போய், அதன் பின்சக்கரம் எங்கே விழுகிறது என்று அளந்து, அந்த முனையைத் திருத்தி வரையுங்கள்.